பதினோராம் பாடம்

மெமரி கார்டில் ஒரு கோளாறும் இல்லை என்பது பிளேயரைக் கம்ப்யூட்டரில் சொருகுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இருந்தாலும் சொருகினேன். சொருகுவதற்கு முன் ஒயரின் முனையை ஊதினேன், பிளேயரின் வாயை ஊதினேன், முந்தானையால் துடைத்தேன். எதிரில் உட்கார்ந்திருக்கிற மாசிலாமணிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது, ஆனால் ஊதுகிற சத்தம் கேட்கும், அம்மா அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான், அதற்காகத்தான் ஊதினேனோ என்னவோ, சே, என்ன ஜென்மம் நான். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறான். பாலக்கரை விடுதியிலிருந்து இந்த உறையூர் வெயிலில் பஸ் மாறி வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருக்கிறான், எழுந்துபோய் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கவில்லை. "பதினோராவது பாடம் பாதியில நிக்குதும்மா. டக்குனு பன்னெண்டுக்குத் தாவிடுது. மெமரி நிறைஞ்சு போயிருக்குமோ, இல்ல கார்டுதான் அடிவாங்கிடுச்சோ தெரியலை. நீங்க ஒருதரம் பார்த்தா தெரிஞ்சிடும்னு வந்தேன்." ஆசிரியர் தேர்வு முடிவு போன வாரம் வந்துவிட்டது என்பதையும் அதே மூச்சில் சொன்னான். ரெண்டு மார்க்கில் போய்விட்டதாம். "நில வருவாய்லயே நாலஞ்சு கேள்வி கேட்டுட்டான்மா. அதுதான் பதினொண்ணு. அந்தப் பாதிதான் எனக்குக் கேக்கவே இல்லையே." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை, எனக்குக் கொஞ்சம் இடதுபக்கம், காலண்டர் மாட்டியிருக்கிற சுவரைப் பார்த்து. நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெமரி நிறையவில்லை. இதோ திறந்துவிட்டது, பாதிக்கு மேல் காலி இடம். பாடங்கள் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வரிசையாக நிற்கின்றன, எல்லாம் என் குரல். இந்தப் பிளேயர்கள் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தாது, எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும், அதனால் ஒவ்வொரு பாடமாகக் கையால் ஏற்ற வேண்டும், மொத்தமாக வாரிப் போட்டால் ஒன்பதுக்கு அப்புறம் மூன்று வரும் என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் எல்லோருக்கும் பாடம் நடத்தியவளே நான்தான். தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்றவள் நான், இன்னும் நாலைந்து பெண்மணிகள் இருக்கிறார்கள், பார்வையில்லாத மாணவர்களுக்குப் புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தருகிறோம், அதற்குத்தான் வட்டம் என்று பெயர். வட்டத்தில் யாருக்குப் பிளேயர் மக்கர் செய்தாலும் வைஜயந்தி மேடத்திடம் கொண்டு போ என்பார்கள். பாட்டு நடுவில் உறைந்துபோனால் பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஊக்கைக் குத்தி எழுப்புவேன். அழித்தும் இடம் காலியாகவில்லை என்றால் எங்கேயோ குப்பைத்தொட்டியில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தேடிப்பிடித்துக் கொட்டுவேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒயரைப் பிடுங்கினால் கார்டு சீக்குப் பிடிக்கும் என்று பையன்களை அதட்டுவேன். எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன், இந்த வயதில் பையன்கள் நம்மிடம் மிஷினைக் கொண்டுவந்து நீட்டினால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது. நான் பார்த்துவிட்டு இது கார்டு போச்சு என்றால் கார்டு போச்சுதான், எவனும் மறுபேச்சுப் பேச மாட்டான். அதனால்தான் இவனும் விடுதியில் இருக்கிற பேசுகிற கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். பதினொன்றாவது மட்டும் குட்டையாக இருக்கிறது. மற்றதெல்லாம் வாட்டசாட்டமாக நிற்க, இது மட்டும் பாதி உயரம். அதைச் சொடுக்கவில்லை. சொடுக்கினால் பேச ஆரம்பித்துவிடுவேன், நான்தான், இந்த அறையில், அவன் எதிரில்.

குக்கர் விசில் அடித்தது, அதனால் நிறுத்தினேன். இத்தனை நாளாக எனக்குள் அப்படித்தான் வைத்திருக்கிறேன், போன வருஷம் ஆடி மாதம், மத்தியானம், ரயத்துவாரி முறையைப் படித்துக்கொண்டிருக்கும்போது குக்கர் கூப்பிட்டது, எழுந்தேன், மறந்துவிட்டேன், வயசாச்சு. இல்லை, மத்தியானம் ஏது குக்கர், சாப்பாடெல்லாம் பன்னிரண்டுக்கே முடிந்துவிடும் இந்த வீட்டில். பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். ஆமாம், அவள்தான், முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி அப்போதுதான் வந்தது, அந்தச் சந்தோஷத்தில் புத்தகம் எங்கே, மைக் எங்கே. ஆனால் அது ஆடியில்லையே, சேதி வந்தது ஆனி கடைசியில், அவள் மாமியார் வீட்டில் ஆடிக்கு அழைக்க வேண்டாமா என்று அதற்கப்புறம்தானே சண்டை வந்தது. போனும் வரவில்லை, விசிலும் வரவில்லை. சும்மா நிறுத்தினேன். தூக்கம் வந்தது. ஜமீன்தாரி, மகல்வாரி, ரயத்துவாரி, எந்த மாகாணத்தில் எத்தனை பங்கு வரி, மழை பொய்த்தால் தள்ளுபடி உண்டா இல்லையா, படிக்கப் படிக்கக் கொட்டாவியாக வந்தது, கொட்டாவி பதிவில் விழக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்திப் பொத்தானை அமுக்கி விரல் அலுத்துப்போனது, கடைசியில் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அமுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். மின்விசிறியின் அடியில் நல்ல தூக்கம். எழுந்து காபி குடித்தேன். மறுநாள் பன்னிரண்டாம் பாடம் ஆரம்பித்தேன். அது சிப்பாய்க் கலகம், படிக்க நன்றாக இருக்கும், குரலை ஏற்றி இறக்கலாம். பதினொன்றின் மிச்சத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன், அது பொய்யில்லை, அல்லது அதுவும் பொய்தானா, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கூட அந்தப் பக்கத்தில் நான் வைத்த பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது, அதை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுத்தானே கொடுத்தேன். கைக்குத் தெரிந்துதான் இருந்தது. இதில் இன்னொன்று. எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, ஆரம்பத்தில் பாடத்தின் எண், பக்கம், வாசிப்பவர் பெயர் சொல்ல வேண்டும், கடைசியில் பாடம் முடிந்தது என்று சொல்ல வேண்டும், அதைக் கேட்டால்தான் பையன்கள் இதுவரைதான் என்று நம்பி அடுத்ததற்குப் போவார்கள். பதினொன்றில் நான் அதைச் சொல்லவில்லை. ஒட்டவைத்துவிடலாமா என்று ஒரு சாயங்காலம் யோசித்தேன், பத்தாம் பாடத்திலிருந்து அந்த ரெண்டு வார்த்தையைக் கத்தரித்து இதன் வாலில் ஒட்டினால் வேலை முடிந்தது. செய்யவில்லை. செய்யாததை ஒரு யோக்கியதை என்று வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். அந்த ரெண்டு வார்த்தை இல்லாததால்தான் இன்றைக்கு இவன் மிஷின்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறான், என்மேல் இல்லை.

"ஏம்ப்பா, பரீட்சைக்கு முன்னாடியே பாதியில நிக்குதுன்னு தெரியும்தானே, அப்பவே வந்திருக்கலாமே" என்று கேட்டேன். கேட்டது எதற்கு, அவன் பேரிலும் ஒரு துளி தப்பு இருந்துவிடாதா என்ற நப்பாசைதான். "வரலாம்னுதாம்மா கிளம்பினேன். உங்க வீட்ல வளைகாப்புன்னு சொன்னாங்க. நல்ல காரியம் நடக்கிற இடத்துல போய் மெமரி கார்டு அது இதுன்னு நிக்கறது நல்லா இருக்காதுன்னு திரும்பிட்டேன். புத்தகம் லைப்ரரியில இருக்கு, யாராச்சும் அந்தப் பக்கங்களை மட்டும் படிச்சுச் சொல்லுவாங்களான்னு பார்த்தேன். எல்லாருக்கும் வேலை." அன்றைக்குக் கூடத்தில் ஐந்து வகை சாதம், மகளின் இரண்டு கை நிறைய வளையல், வந்தவர்களெல்லாம் உங்கள் குரல் இன்னும் அப்படியே இருக்கிறதே வைஜயந்தி, நலங்குப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள், நானும் பாடினேன். இவன் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பினானா, அல்லது விடுதி வாசலோடேயே திரும்பினானா. கேட்கவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது. இப்போது சொல்லிவிடலாம். ஒரே வரி. மாசிலாமணி, கார்டு நல்லாத்தான் இருக்கு, நான் படிக்கலைப்பா. வாய்க்குள் அந்த வாக்கியம் தயாராக இருக்கிறது, நாக்கு அதைத் தொட்டுக்கூடப் பார்த்தது. சொன்னால் என்ன செய்வான். திட்ட மாட்டான். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். பரவாயில்லம்மா என்று அந்தச் சுவரைப் பார்த்துச் சிரிப்பான், நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வான், அப்புறம் இந்த வாசலுக்கு வர மாட்டான், விடுதியில் நாலு பேருக்குத் தெரியும், வட்டத்தில் தெரியும், மேடம் படிச்சா முழுசா படிச்சாங்களான்னு ஒரு தடவை பாத்துக்கங்க என்று எவளாவது சொல்லுவாள். முப்பது வருஷம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, ஒரு அழைப்பை நடுவில் துண்டித்தவள் என்ற பெயர் வாங்காதவள் நான். இவனுக்கு வர வேண்டிய வேலை போச்சு, நான் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கம் வாயைத் திறக்க உதவவில்லை.

சும்மா இருந்தால் சந்தேகப்படுவான் என்று கார்டைச் சோதிக்கிற கட்டளையைத் தட்டிவிட்டேன். பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே போனது. ஏதாவது ஒரு பிழை வந்துவிடாதா என்று அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே வேண்டிக்கொண்டேன், எங்கேயாவது ஒரு மூலையில் ஒரு பொட்டு அழுகியிருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவேன். மாசிலாமணி கழுத்தைச் சாய்த்து விசைப்பலகையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். மடியிலிருந்த டம்ளரைக் குனிந்து தரையில் வைத்தான், நாற்காலிக் காலை ஒட்டி, யார் காலும் படாத இடமாகத் தடவிப் பார்த்து. கோடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பிழை எதுவும் இல்லை என்று வந்தது. நல்ல பெரிய எழுத்தில். "என்னம்மா சொல்லுது?" என்றான். எனக்கு முன்னால் எழுதியிருக்கிறதை இருக்கிறபடி அவனுக்குப் படித்துச் சொல்வது, அது ஒன்றுதானே நான் இவனுக்காகச் செய்ய ஒப்புக்கொண்ட வேலை, புத்தகமானால் என்ன, திரையானால் என்ன. "கார்டுல கோளாறுன்னு சொல்லுதுப்பா" என்றேன். குரல் பிசிறவில்லை. "நெறைய இடத்துல கெட்டுப் போயிருக்காம். அதனாலதான் பதினொண்ணு அறுந்திருக்கு." அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். "நெனைச்சேன்மா. பாருங்க, ஒரு துக்கடா கார்டு ஒரு வருஷத்தையே காலி பண்ணிடுச்சு." அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது, தன்மேல் தப்பில்லை, என்மேலும் தப்பில்லை, பாவம் கார்டு. நான் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குட்டைப் பதினொன்று திரையில் நின்றுகொண்டே இருந்தது, நாளைக்கு விடுதியில் எவனாவது விஷயம் தெரிந்தவன் இதைத் திறந்து பார்த்து, கார்டு நன்றாக இருக்கிறதே, ஃபைலும் நன்றாக இருக்கிறதே, ஆள் அங்கேயே நிறுத்தியிருக்கிறாளே என்று சொல்லிவிட்டால். "மொத்தமா அழிச்சு ஃபார்மட் பண்ணிடட்டுமாப்பா? அப்பதான் கெட்ட இடத்தையெல்லாம் ஒதுக்கிட்டு ஒழுங்கா ஓடும்." ஒதுக்குவது ஒன்றும் நடக்காது, அதுவும் எனக்குத் தெரியும். அவன் ஒரு நொடி தயங்கினான். "நான் பேசிப் பதிஞ்சு வெச்ச குறிப்பு கொஞ்சம் இருக்கும்மா, படிக்கப் படிக்க எனக்கு நானே கேள்வி கேட்டுப் பதில் சொன்னது. அதை எடுத்து வெக்க முடியுமா?" முடியும். ஒரு நிமிஷ வேலை, இழுத்துப் போட்டால் வந்துவிடும். ஆனால் கெட்டுப்போன கார்டிலிருந்து அது மட்டும் முழுசாக வந்தால் நன்றாக இருக்குமா. "அதுவும் கெட்டிருக்கும்ப்பா, வராது" என்றேன். "சரி, போகட்டும்மா. மறுபடி சொல்லிக்கலாம்." அவன் சரி என்றதும் அமுக்கினேன், அவன் மனம் மாறிவிடுவானோ என்ற பயத்தில் கொஞ்சம் அவசரமாகவே அமுக்கினேன். இருபத்திரண்டு பாடமும் போயிற்று, கொட்டாவியை அடக்கி அடக்கி ஒழுங்காகப் படித்த இருபத்தொன்றும் சேர்த்துத்தான் போயிற்று. இவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்விகளும் போயின. திரை சுத்தமாக இருந்தது.

செய்ததற்குக் கொஞ்சமாவது ஈடு கட்டிவிட வேண்டும் என்று உடனே ஒரு வேகம் வந்தது. முழுக்க மறுபடி படித்துவிடுகிறேன், பதினொன்றை முதலில் படிக்கிறேன், இந்த வாரமே படிக்கிறேன், இந்தத் தடவை தூங்க மாட்டேன், அடுத்த தேர்வுக்கு இவன் அதிலே முழு மார்க்கு வாங்கிவிடுவான், அப்புறம் யார் எதை எங்கே நிறுத்தினால் என்ன. இப்படி நினைத்ததும் மனசு லேசாகக்கூட ஆகிவிட்டது, எவ்வளவு மலிவாக லேசாகிறது பாருங்கள் இந்த மனசு. "புத்தகத்தைக் கொண்டு வாப்பா, நான் எல்லாத்தையும் திரும்பப் படிச்சுத் தரேன்" என்றேன், சத்தமாக, சந்தோஷமாகவே. மாசிலாமணி பதறிவிட்டான். "ஐயையோ, அதெல்லாம் வேண்டாம்மா. மூணு மாசம் தொண்டை கட்டப் படிச்சீங்க, திரும்பவும் உங்களை எதுக்குப் படுத்தணும்? லூர்துகிட்ட அத்தனையும் காப்பி இருக்கும்மா. நீங்க குடுத்த முத நாளே அவன் ஏத்திக்கிட்டான். கார்டு அதுக்கப்புறம்தானே கெட்டிருக்கும்? அவன்கிட்ட இருக்கறது முழுசா இருக்கும்." லூர்து இவனுடைய அறை நண்பன், ஒருமுறை இவனோடு இங்கே வந்திருக்கிறான், வாய்த்துடுக்குக்காரன், அடுத்த வருஷம்தான் தேர்வு எழுதப்போகிறவன். "அவன் பதினொண்ணைக் கேட்டிருக்கானா?" என்று கேட்டேன். "எங்கம்மா, சோம்பேறி, இன்னும் அஞ்சாம் பாடத்தையே தாண்டலை. விடுதியில பாதிப் பேரு அவன்கிட்டேருந்துதான் ஏத்திக்கிட்டாங்க, உங்க குரல்னா அங்க அவ்வளவு இஷ்டம். இருங்க, இப்பவே கேட்டுடலாம்." வேண்டாம்ப்பா, அப்புறம் கேட்டுக்கலாம், வெயில்ல வந்திருக்கே, இன்னொரு டம்ளர் மோர் குடி, என்னென்னவோ சொன்னேன். அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். விடுதியில் பாதிப் பேர் என்றானே. பாதிப் பேரிடமும் நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன். அவர்களில் யார் யார் இந்தத் தடவை எழுதினார்கள், யார் யாருக்கு எத்தனை மார்க்கில் போயிற்று, இவனிடம் கேட்க வேண்டும், கேட்கவே முடியாது.

"டேய் லூர்து, அம்மா வீட்லேருந்து பேசறேன். என் கார்டுதான்டா கெட்டுப்போச்சு, அம்மா பார்த்துட்டாங்க. உன்னுதுல பதினோராம் பாடத்தைப் போடு, கடைசிக்கு ஓட்டு." அந்தப் பக்கம் கட்டில் முனகியது, ஏதோ உருண்டது, பொத்தான் சத்தம். பிறகு என் குரல் வந்தது. என் வீட்டுக் கூடத்தில், என் எதிரில், மாசிலாமணியின் உள்ளங்கையிலிருந்து நான் பேசினேன். நல்ல குரல்தான். நிறுத்தி, நிதானமாக, வரி செலுத்தத் தவறிய குடியானவரின் நிலம் என்று ஆரம்பித்து ஒரு வாக்கியத்துக்குள் போனேன், அந்த வாக்கியம் எங்கே அறும் என்று எனக்குத் தெரியாது, மறந்துவிட்டிருந்தேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் இதுவா, இதுவா என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறுந்தது. அடுத்த நொடியே பன்னிரண்டாம் பாடம், வாசிப்பவர் வைஜயந்தி என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். "இன்னொரு தடவை போடு" என்றான் மாசிலாமணி. போட்டான். அங்கேயே அறுந்தது. மாசிலாமணியின் நெற்றி சுருங்கியது. லூர்து சிரித்தான், கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. "டேய், ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல நிக்குதுன்னா கார்டு எப்படிடா காரணம்? அந்தம்மாவே அங்க நிறுத்திட்டு எழுந்து போயிருக்கும்டா." சொல்லிவிட்டான், எனக்குப் பதிலாக ஒருத்தன் சொல்லிவிட்டான், இனி நான் ஆமாம் என்றால் போதும், ஒரு தலையசைப்புகூடப் போதும், ஆனால் தலையசைப்பு இவனுக்குத் தெரியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். மாசிலாமணியின் முகம் சிவந்துபோனது. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "வாயை மூடுடா! யாரைப் பத்தி என்ன பேசறே? அம்மா ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருக்காங்க. முத நாளே என் கார்டு கெட்டிருக்கும், அதுலேருந்துதானே நீ ஏத்துனே? நமக்காக ஒத்தப் பைசா வாங்காம படிக்கிறவங்கடா அவங்க. மொதல்ல மன்னிப்புக் கேளு." பிறகு என் பக்கம் திரும்பினான், இந்தத் தடவை சரியாக என் முகத்துக்கு நேராகவே திரும்பினான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அவன் வாய் அப்படி." போனில் சிரிப்பு நின்றிருந்தது. லூர்துவின் குரல் சின்னதாகிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா. நீங்க இருக்கீங்கன்னு தெரியாது. தெரியாம உங்களை அப்படிச் சொல்லிட்டேன்." மாசிலாமணி போனை என் வாய்க்கு அருகில் நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். "பரவாயில்லப்பா லூர்து, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை" என்று அவனை மன்னித்தேன்.